வேதியியலும் தீட்டும்: ஒரு படிப்பைப் பற்றிச் சில கேள்விகள்

என் அக்கா மகள் பி.எஸ்ஸி. வேதியியல் கடைசிப் பரிட்சையை எழுதிவிட்டு வந்த அன்று ராத்திரி, சோறு தின்றுகொண்டே கேட்டாள்: “மாமா, எம்.எஸ்ஸி. சேரட்டா, இல்ல பி.எட். போயிடட்டா? நீயே ஒண்ணு சொல்லு.”

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வேதியியலைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆனால் எங்கள் காலனியில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் கொஞ்சம் பேர். எந்தப் படிப்பாக இருந்தாலும் கேள்வி எங்களில் யாராவது ஒருவரிடம்தான் வந்து நிற்கும். தெரிந்தவர்களை விசாரித்து ஒரு பட்டியல் போட்டேன். எம்.எஸ்ஸி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கென்று 2005-06இல் தொடங்கிய ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படிக்க ஜாம் என்று ஒரு தேர்வு. பி.எட். முடித்தால் ஆசிரியர் தேர்வு வாரியம். மாத்திரைக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல். பெயிண்ட், சாயம், உரம், சிமெண்ட் ஆலைகளில் லேப். குடிநீர்ப் பரிசோதனை, தடய அறிவியல். எங்கள் பாலாற்றங்கரைப் பக்கமென்றால் இன்னும் இரண்டு: தோல்ஷாப்பில் கெமிஸ்ட், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் கெமிஸ்ட்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவள் கடைசி இரண்டைச் சொன்னதும் கையை உதறினாள். “தோல்ஷாப்புக்கு மட்டும் போவ மாட்டேன் மாமா. நைனா எதுக்கு என்னப் படிக்க வச்சிது? அங்கருந்து வெளிய வரத்தானே? நான் வெள்ளக் கோட்டு மாட்டிகினு மறுபடி அங்கியே போயி நிக்கறதா?”

அவள் அப்பன் இருபத்தெட்டு வருஷமாகச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அவள் கேட்டது வேலைவாய்ப்பைப் பற்றிய கேள்வி இல்லை, அறத்தைப் பற்றிய கேள்வி என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. படிப்பு நம்மை எங்கிருந்து எங்கே கொண்டுபோகிறது? போய்ச் சேர்ந்த இடத்தில் நாம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்? அந்தக் கடமையை நம்மிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? இந்த மூன்றையும் யோசித்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

*

வேதியியல் நமக்குப் புதிய படிப்பு இல்லை. பச்சைத் தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு மயிரைக் கழற்றுவது வேதியியல். மயிரின் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்பை சல்பைடு அறுக்கிறது, அதனால் மயிர் கழன்றுவருகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். புதுச் சுண்ணாம்புத் தண்ணீரைவிடப் பழைய தண்ணீரில் மயிர் சீக்கிரம் விடும் என்பது புத்தகம் படிக்காத பாட்டன்களுக்கும் தெரியும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பு தோலை அழுகாமல் காக்கும் என்பதும் தெரியும். தோலோடு பிறந்த சாதி என்று யாரைத் தள்ளிவைத்தார்களோ அவர்களுடைய கைக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது.

அக்கா வீட்டுக்காரர், சுண்ணாம்பு நீக்கி மருந்து போட்ட தோலைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்திய தடம் அப்படியே நின்றால் தோல் தயார். கெமிஸ்ட் வருவார். தோலின் ஓரத்தைக் கத்தியால் வெட்டி, வெட்டுமுகத்தில் பினாப்தலின் ஒரு சொட்டு விடுவார். நடுவில் ரோஜா நிறம் தெரிந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அக்கா மகள் முதல் வருஷம் கல்லூரி லேபில் டைட்ரேஷன் செய்தபோது அதே பினாப்தலின், அதே ரோஜா நிறம். வீட்டுக்கு ஓடிவந்து, “நைனா, உங்க கெமிஸ்டு உடுற மருந்த நானும் உட்டேன்” என்று சொன்னாளாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: “அத்தப் பாக்கறதுக்குத்தான் அவுருக்கு சம்பளம். எனுக்கு கட்டவிரலே சொல்லிடும்.”

விரலுக்கு ஒரு கூலி, சொட்டுக்கு ஒரு சம்பளம். இதைச் சொல்வதால் சொட்டு பொய், விரல்தான் உண்மை என்று நான் வாதாட வரவில்லை. விரலுக்குத் தெரியாத உள்நடுவைச் சொட்டு காட்டுகிறது. சொட்டை எழுதிவைக்கலாம், முன்பின் தெரியாத பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். விரலின் அறிவு அந்த மனிதரோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். என் கேள்வி வேறு. தெரிந்துகொள்வதில் ஏன் தொடுகிறவருக்குக் குறைவும் தொடாதவருக்கு உயர்வும் வந்தது?

ஐரோப்பாவிலும் தோல் தொழில் நாறிய தொழில்தான். சுண்ணாம்பு நீக்கிய தோலை மெதுவாக்க அங்கே நாய்ப் பீயும் புறாப் பீயும் கரைத்து ஊற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருவில் நாய்ப் பீ பொறுக்கித் தோல்காரர்களிடம் விற்றுப் பிழைத்த ஏழைகள் இருந்தார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம், அந்த வேலையைச் செய்வது நொதி என்று கண்டு, கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்குப் பதிலாகக் கொடுத்தார். 1907இல் அதை வைத்தே ஒரு கம்பெனி தொடங்கியது. அவர் செய்தது நல்ல காரியம். மனிதர்கள் பீயைத் தொடுவது அதனால் நின்றது. ஆனால் பொறுக்கியவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அங்கே அது வறுமையின் இழிவு. வறுமை நீங்கினால் பேரனோடு இழிவு வராது. இங்கே அது பிறப்பின் இழிவு. பேரன் முனைவர் பட்டம் வாங்கினாலும் கூடவே வருகிறது.

இந்திய வேதியியலின் மூத்தவர்களில் ஒருவரான பிரபுல்ல சந்திர ராய், இந்து வேதியியலின் வரலாறு என்று 1902லும் 1909லும் இரண்டு பாகங்கள் வெளியிட்டார். கைத்தொழிலையெல்லாம் கீழ்ச்சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, சிந்திக்கிற வர்க்கம் கையை எடுத்துக்கொண்டது. அதனால் ஏன், எப்படி என்று கேட்பவர் இல்லாமல் இந்த நாட்டில் அறிவியல் பட்டுப்போனது என்பது அவர் அதில் வைத்த வாதம். ஒரு வேதியியலாளரே சாதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது பெரிய காரியம். ஆனால் அவர் போட்ட கணக்கு அறிவியலுக்கு வந்த நஷ்டக் கணக்கு. தொட்டியில் நின்றவருக்கு வந்த நஷ்டத்தை யார் கணக்குப் போடுவது? அம்பேத்கர் 1936இல் போட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து அடுக்கியது என்றார். வேதியியல் துறைக்குள்ளும் அந்த அடுக்கு இருக்கிறது. பேராசிரியர் மேலே, குடுவை கழுவும் ஊழியர் கீழே. கழுவுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று உங்கள் கல்லூரியில் பாருங்கள்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. சில முற்போக்கு நண்பர்கள், “உங்களுடையது பாரம்பரிய அறிவு, அதை விட்டுவிடாதீர்கள்” என்று உருகுகிறார்கள். அறிவு நம்முடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தொட்டி நம்முடையது இல்லை. நம்மை அதில் தள்ளினார்கள். சுண்ணாம்பில் நகம் அரித்துப்போன கையைக் கொண்டாடுகிறவர், தன் பிள்ளையை ஒரே ஒரு வருஷம் அங்கே அனுப்பிவிட்டுப் பிறகு கொண்டாடட்டும். ஆகவே அக்கா மகள் தோல்ஷாப்புக்குப் போக மாட்டேன் என்றதில் எந்தத் துரோகமும் இல்லை. வெளியே வருவது அவளுடைய உரிமை.

*

வெளியே வந்த பிறகு? அங்கேதான் இரண்டாவது கேள்வி.

ஹைட்ரஜன் சல்பைடு என்றொரு வாயு. அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடக் கனமானது, அதனால் குழியில் தங்கும். காற்றில்லாத இடத்தில் கழிவு அழுகும்போது நுண்ணுயிர்கள் இதை உண்டாக்கும். தோல்ஷாப்பில் இன்னொரு வழியும் உண்டு, சல்பைடு தண்ணீரோடு அமிலத் தண்ணீர் கலந்தால் போதும். இந்த வாயுவின் சூது, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு அளவில் ஏறினால் மோப்பமே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று குழியில் இருப்பவர் நினைப்பார். ஆயிரம் பங்கை நெருங்கினால் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். தம்பியோ மகனோ காப்பாற்றக் குதிப்பான். அவனும் விழுவான். இரண்டு சாவு, மூன்று சாவு என்று நாம் படிக்கும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

பல தலைமுறை வேதியியல் மாணவர்கள் இதே வாயுவைக் கல்லூரி லேபில், கிப் உபகரணத்தில், இரும்பு சல்பைடின்மேல் அமிலம் விட்டுத் தயாரித்தார்கள். உப்பைப் பகுத்துப் பார்க்க அது வேண்டும். அக்கா மகளைக் கேட்டேன். அவள் லேபில் கிப் இல்லையாம். ஆனால் சல்பைடு உப்பில் அமிலம் விட்டு நாற்றம் பார்த்திருக்கிறாள். ஈய அசிட்டேட் தாளைக் காட்டினால் கறுத்துப்போகுமாம். “ரெண்டு குமிழிதான் மாமா வந்திருக்கும். அதுக்கே சாரு, எல்லா ஜன்னலயும் தொறங்க, யாரும் மோந்து பாக்காதீங்கன்னு கத்துனாரு.”

கத்தியது சரிதான். நல்ல ஆசிரியர் அப்படித்தான் கத்த வேண்டும். ஆனால் அதே ஊரில், அதே வாயு நிறைந்த குழிக்குள் ஒருவரை இறக்கும்போது கத்துகிறவர் யாரும் இல்லை. லேபில் ஜன்னல் இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது. குழியில் ஒரு மனிதர் இருக்கிறார். வாயு ஒன்றுதான், மாறியது அதைச் சுவாசிப்பவரின் பிறப்பு.

தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க யாருக்கும் வழியில்லை. 1700இல் இத்தாலியில் ராமாஸினி என்ற மருத்துவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தன் வீட்டு மலக்குழியை அள்ளிக்கொண்டிருந்தவர் அவசரம் அவசரமாக வேலை செய்வதைப் பார்த்து, ஏனப்பா இப்படி ஓடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். உள்ளே அதிக நேரம் இருந்தால் கண் எரிந்து பார்வையே போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அந்த நூல் பிறந்தது. குழியில் நிற்பவருக்கும் தெரியும் என்று நினைத்து ஒருவர் கேட்டதால் ஒரு மருத்துவத் துறையே தொடங்கியது. இங்கே கேட்பதற்கே தீட்டு குறுக்கே நிற்கிறது.

இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். சாகிறவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுக்கு விலை ஏறுகிறது. ஆனால் வாயுவைப் பற்றிய பாடம் இன்னமும் மதிப்பெண்ணுக்கான பாடமாகவே இருக்கிறது.

என் நிலைப்பாட்டை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்றைத் தெரிந்துகொள்வது என்பது அதற்குப் பதில் சொல்லும் கடமையையும் சேர்த்து வாங்கிக்கொள்வது. இந்த வாயு ஆளைக் கொல்லும் என்று படித்துப் பாஸ் ஆனவர், தன் தெருவில் குழி மூடியைத் திறந்து ஒருவர் கால் வைக்கும்போது, எனக்கென்ன என்று போக முடியாது. போனால் அவர் படித்தது வேதியியல் இல்லை. ஈய அசிட்டேட் தாளை நீட்டிப் பார்த்துவிட்டு ஆளை இறக்கு என்றும் நான் சொல்லவில்லை. மனிதர் இறங்கவே கூடாது, எந்திரம் இறங்கட்டும் என்பதுதான் கோரிக்கை. அதைக் கேட்க அறிவியல் படித்தவரின் குரலுக்குத் தனி பலம் உண்டு.

*

இதை இவ்வளவு தெளிவாக மேடையில் பேசிக்கொண்டிருந்தவன்தான் நானும். ஒரு நண்பன் என் வாயை அடைத்தான்.

விடுதியில் என் அறைத் தோழன். எம்.எஸ்ஸி. வேதியியல். அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நெட் இரண்டு தடவை எழுதிக் கிடைக்கவில்லை. தங்கச்சி கல்யாணக் கடன். கடைசியில் கழிவுநீர் சோதிக்கும் ஒரு லேபில் மாதம் 12,000 ரூபாய்க்கு வேலைக்குப் போனான். வெளியே விடும் தண்ணீரில் சி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு. ஒரு நாள் அவன் அளந்ததில் நானூற்றுச் சொச்சம். மேலே இருந்தவர், “இருநூத்தி நாப்பதுன்னு போடுப்பா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவன் போட்டான். கையெழுத்தும் போட்டான். அடுத்த மாதமும் போட்டான்.

என்னிடம் இதைச் சொன்ன அன்று நான் அவனைக் கிழித்தேன். அந்தத் தண்ணி எந்த ஊர்க் கிணத்துல இறங்குது தெரியுமாடா, நம்ம சனம் குடிக்கிற தண்ணிடா, அம்பேத்கர் 1956இல் ஆக்ராவில் படித்தவர்கள் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கலங்கியது உன்னை மாதிரி ஆளை நினைத்துத்தான் என்றெல்லாம் பேசினேன். அவன் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்:

“நீ தமிழ் படிச்ச. உன் கையெழுத்துல யாரும் சாவ மாட்டாங்க, அதனால ஒனக்கு வாய் இருக்கு. எனக்கு மேல கையெழுத்துப் போட்டவன் யாரு? அவனுக்கு மேல போட்டவன் யாரு? அவங்களும் கெமிஸ்ட்ரிதான் படிச்சாங்க. அவங்ககிட்ட எவனாவது போயி, உன் சனத்துக்குத் துரோகம் பண்ணிட்டியேன்னு கேட்டானா? என்னக் கேக்கறதுக்கு மட்டும் நீ பஸ் ஏறி வந்துட்ட.”

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை.

அவன் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. நாம் அறத்தைக்கூடச் சாதி பார்த்துத்தான் பங்கிடுகிறோம். ஆதிக்கச் சாதி வேதியியலாளர் நல்ல சம்பளத்துக்கு நல்ல கம்பெனிக்குப் போனால் அது திறமை. நம் பிள்ளை போனால், சமூகத்துக்கு என்ன திருப்பித் தந்தாய் என்று கேட்கிறோம். பாலாற்றின் கதையையே பாருங்கள். 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், அசுத்தம் செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்தத் தீர்ப்பில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, ராணிப்பேட்டையில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப்போனது. குரோமேட் தூசு மூக்கின் நடுச்சுவரையே ஓட்டைபோடும் என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து மருத்துவத்துக்குத் தெரியும். 2015 ஜனவரி 31ஆம் தேதி அதே ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இத்தனைக்கும் இடையில் எத்தனை வேதியியலாளர்கள் எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? அவர்களில் 12,000 ரூபாய்க்காரர்கள் எத்தனை பேர்?

ஆகவே என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். தெரிந்தவர் பொறுப்பாளி, இதில் மாற்றமில்லை. ஆனால் பொறுப்பு சமமில்லை. மறுத்துவிட்டு நாளைக்கும் சோறு தின்ன முடிகிறவரின் பொறுப்பு பெரியது. மறுத்தால் வேலை போகிறவரின் பொறுப்பு சிறியது, ஆனால் இல்லாமல் போகாது. கேள்வியை மேலேயிருந்து தொடங்க வேண்டும். துறைத் தலைவர், ஆலை முதலாளி, வாரிய அதிகாரி என்று இறங்கி வந்து கடைசியில்தான் என் தோழனிடம் வர வேண்டும். நான் தலைகீழாகக் கேட்டேன். ஏனென்றால் அவனிடம் கேட்பதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்தக் கடைசி இடத்தில் அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டான் போல. ஒன்பது மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறான். உண்மையான எண்களை எழுதிய ரஃப் நோட்டு அவன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கொடுடா, வெளியே கொண்டுவரலாம் என்று கேட்டேன். “என் கையெழுத்தும் அதுல மாட்டும்டா” என்றான். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாதது சரியா என்று இன்னும் தெரியவில்லை. அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

*

அக்கா மகளுக்கு நான் சொன்னது இதுதான். எம்.எஸ்ஸி. சேர். நெட் எழுது. பல்கலைக்கழகத்தில் உட்கார். நீ எந்த வேலைக்குப் போனாலும் உன் நைனாவுக்குக் கடன்பட்டவள் இல்லை, அவர் கடன் கொடுக்கவில்லை. ஆனால் உன் பெயரைப் போடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். மறுக்க முடியாத இடத்தில் தனியாக நிற்காதே, சங்கம் தேடு, கூட ஆள் சேர். வாய்க்கிற இடத்திலெல்லாம் கத்து.

அவள் கேட்டுவிட்டு, “அப்ப தோல்ஷாப்பு லேபுக்குப் போனாத் தப்பில்லன்றியா?” என்றாள்.

“போறவங்களத் தப்பு சொல்ல எனக்கு உரிமை இல்ல” என்றேன்.

அவள் எம்.எஸ்ஸி. சேர்ந்துவிட்டாள். போன மாதம் ஊருக்கு வந்தபோது, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய சுண்ணாம்புத் தண்ணீரில் ஏன் சீக்கிரம் மயிர் விடுகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், கை எப்போது எரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் எந்தக் கெமிஸ்டும் தன்னிடம் இதைக் கேட்டதில்லை என்றார் அவர். முதலில் கூச்சப்பட்டார். அப்புறம் நிறுத்தாமல் பேசினார். நடுவில் ஒரு இடத்தில், “இத்த எழுதாத, மொதலாளிக்குத் தெரிஞ்சா வம்பு” என்றார்.

அவள் எழுதுகோலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பதிலாக எதுவும் சொல்லவில்லை. அது அவள் தீர்மானிக்க வேண்டியது. அவளிடம் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியவர்களின் வரிசை இன்னும் நீளமாக நின்றுகொண்டிருக்கிறது.